ஃபுல் சிந்தடிக்கா, செமி சிந்தடிக்கா? கார் காட்டும் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

இன்ஜின் ஆயில் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு கோளாறோடுதான் வருகிறார்கள். "காலையில டக்டக்னு சத்தம் வருது, ஃபுல் சிந்தடிக் ஊத்தினா நின்னுடுமா?" "ஃபுல் சிந்தடிக் போட்டதிலிருந்து ஆயில் குறையுது, பழையபடி செமிக்கே போயிடவா?" இதற்கெல்லாம் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிச் சொல்லித்தான் பலருடைய பணம் வீணாகியிருக்கிறது. சிலருடைய இன்ஜினும் போயிருக்கிறது. எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும், அதில் ஆயில் வகைக்கு எவ்வளவு பங்கு என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

கேனில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது தடிமன் எண்: 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்பதெல்லாம் அதுதான். இரண்டாவது தரக் குறியீடு: ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) தரும் எஸ்பி, ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கம்) தரும் சி3 போன்றவை. ஃபுல் சிந்தடிக்கா, மினரலா (கச்சா எண்ணெயைச் சாதாரணமாகச் சுத்திகரித்தது), இரண்டும் கலந்த செமியா என்பது மூன்றாவது. கடையில் பேச்சே இந்த மூன்றாவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கார் கையேடு முக்கியமாக வலியுறுத்துவதோ முதல் இரண்டையும்.

5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால், 100 டிகிரி சூட்டில் அந்த ஆயிலின் பாகுத்தன்மை 9.3 சென்டிஸ்டோக்ஸுக்கும் 12.5-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். செமிக்கும் அதே எல்லை, ஃபுல்லுக்கும் அதே எல்லை. ஆகவே "சிந்தடிக் தண்ணி மாதிரி இருக்கும், நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். தண்ணீர் மாதிரித் தெரிவது 0டபிள்யூ-20 என்ற எண்ணால். சிந்தடிக் என்பதால் அல்ல. முன்னால் இருக்கும் 5டபிள்யூ குளிருக்கான எண். அதைச் சோதிப்பது மைனஸ் 30 டிகிரியில். வேலூரிலோ திருச்சியிலோ அந்தக் குளிர் வரப்போவதில்லை. அதனால் குளிர் நாடுகளில் சிந்தடிக்குக்குச் சொல்லப்படும் முதல் சிறப்பு நமக்குப் பெரிதாக உதவாது. நமக்கு உதவுவது அதன் சூடு தாங்கும் குணம். நோவாக் என்றொரு சோதனையில் ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எடையில் எவ்வளவு ஆவியாகிறது என்று பார்ப்பார்கள். 5டபிள்யூ-30 போன்ற ஏபிஐ எஸ்பி ஆயில்கள் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நல்ல சிந்தடிக் அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கும். மே மாத மதியத்தில் ஏசி ஓட, டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும் காருக்கு அதுதான் தேவை.

"ஃபுல் சிந்தடிக்" என்ற பெயரையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் குரூப் 3 எண்ணெயையும் சிந்தடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் தகராறு நடந்தது. 1999-ல் அங்குள்ள விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு விற்கலாம் என்று சொல்லிவிட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் ஃபுல் சிந்தடிக் பெரும்பாலும் அந்த வகைதான். அது மோசமான ஆயில் இல்லை. ஆனால் செமியில் சிந்தடிக் எத்தனை பங்கு என்பதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. கேனில் முன்பக்கம் இருக்கும் பெரிய எழுத்தைவிடப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை நான் நம்புவது இதனால்தான்.

முதலில் குச்சியை உருவுங்கள்

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை இதுதான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். மேலே இருக்கும் ஆயில், இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்க அந்த நேரம் தேவை. ஆயில் அளவு காட்டும் குச்சியை (டிப்ஸ்டிக்) உருவி, பஞ்சு உதிராத துணியில் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி எடுத்துப் பாருங்கள். முதல் தடவை தெரியும் அளவு பொய். குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் குச்சி நெடுகப் பூசியிருக்கும்.

பல கார்களில் இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட அளவு ஏறக்குறைய ஒரு லிட்டர். கீழ்க்குறியைத் தொட்டுவிட்டால் மொத்தம் மூன்று, மூன்றரை லிட்டர் பிடிக்கும் சின்ன இன்ஜினில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று அர்த்தம். மிச்சமிருக்கும் ஆயில்தான் எல்லாச் சூட்டையும் சுமக்கிறது.

குச்சி நுனியிலுள்ள துளியை விரலிடுக்கில் தேயுங்கள். மணல் மாதிரி நெருடுகிறதா? மோந்து பாருங்கள், பெட்ரோல், டீசல் வாடை தூக்கலாக இருக்கிறதா? இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு கீழே படியுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக்டக்

இரண்டு மூன்று விநாடியில் நின்றுவிடும் சத்தமென்றால், ராத்திரி முழுக்க ஆயில் கீழே வடிந்துபோய், பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும்வரை வால்வுகள் காய்ந்து அடிக்கின்றன. ஆயில் வகையைக் குறை சொல்வதற்கு முன் ஃபில்டரைப் பாருங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் மடல் இருக்கும். வண்டி நிற்கும்போது ஆயில் திரும்பி வடியாமல் அது தடுக்கும். மலிவு ஃபில்டரில் அந்த மடல் சீக்கிரம் விறைத்துவிடும். ஆயிலுக்குக் கூடுதலாகச் செலவழித்துவிட்டு ஃபில்டரில் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஃபில்டர் சரியென்றால் தடிமனைப் பாருங்கள். கையேடு 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால், அது மேலே ஏற நேரம் எடுக்கத்தான் செய்யும். இரண்டும் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் மட்டும், அதே தடிமனில் ஃபுல் சிந்தடிக் போட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் குறையும்.

சூடான பிறகும் சத்தம் தொடர்ந்தால் எந்த ஆயிலாலும் தீராது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வால்வு கவரில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் அழுத்திக் கேளுங்கள். பெல்ட்டும் ஃபேனும் ஓடும் பக்கம் கையோ துண்டோ போகக் கூடாது. வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பட்டின் சத்தம் அங்கே கூர்மையாகக் கேட்கும். சத்தம் டைமிங் செயின் மூடியின் பக்கம் அதிகமாகி, சரசரவென்று சங்கிலி இழுபடுவது போல இருந்தால் உடனே மெக்கானிக்கிடம் போங்கள். எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பெட்ரோல் இன்ஜின்களில் இன்ஜெக்டரே டிக்டிக்கென்று அடிக்கும். அது இயல்பு.

ஆயில் குறைகிறது, நீலப் புகை வருகிறது

குறைவதை முதலில் அளந்துவிடுங்கள். மேல்குறிவரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்து, 1,000 கிலோமீட்டர் கழித்து எவ்வளவு டாப்-அப் தேவைப்படுகிறது என்று பாருங்கள். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்றே சில கையேடுகள் சொல்கின்றன. என் கணக்கில் அது மிக அதிகம். 200 மில்லியைத் தாண்டினாலே காரணம் தேடுவேன்.

புகை எப்போது வருகிறது என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. ராத்திரி சொட்டியதுதான் எரிகிறது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் பின்னால் வருபவர் கண்ணை மறைக்கிறதென்றால் பிஸ்டன் ரிங். ஏற்காட்டிலிருந்து கியரில் இறங்கிவந்து, அடிவாரத்தில் மறுபடி அழுத்தும்போது வந்தால் வால்வு சீல் மேல் சந்தேகம் இன்னும் வலுக்கும். புகையே இல்லாமல் குறைந்தால் கசிவைத் தேடுங்கள்: வால்வு கவர் கேஸ்கெட், ஃபில்டர் அமரும் இடம், டிரெயின் போல்ட், கியர்பாக்ஸ் சேரும் இடத்திலுள்ள கிராங்க் சீல்.

பலர் மறந்துவிடும் ஒன்று பிசிவி வால்வு. இன்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திருப்பி இன்டேக்குக்கு அனுப்பும் சின்ன வால்வு அது. தனியாகக் கழற்ற முடிகிற காராக இருந்தால் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே கிலுகிலுவென ஆட வேண்டும். ஆடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆயில் குடிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இன்ஜின் பிரிக்கச் சொல்லி வந்த ஒரு காரில் இந்த வால்வை மட்டும் மாற்றி, புகை நின்றதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

ஆயில் வகைக்கு இனி வருவோம். "ஃபுல் சிந்தடிக் போட்டதிலிருந்து குறையுது" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: முன்பு என்ன தடிமன், இப்போது என்ன? பெரும்பாலும் 20டபிள்யூ-50 மினரலிலிருந்து 0டபிள்யூ-20 சிந்தடிக்குக்கு ஒரே தாவாகத் தாவியிருப்பார்கள். தேய்ந்த ரிங்கின் இடுக்கில் மெல்லிய ஆயில் ஏறுகிறது. கையேடு அனுமதிக்கும் எண்களில் தடிமனானதை, உதாரணமாக 5டபிள்யூ-30-க்குப் பதில் 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40, எடுத்துப் பாருங்கள். ரிங் தேய்ந்து லிட்டர் கணக்கில் எரிக்கும் பழைய இன்ஜினுக்கு விலை உயர்ந்த ஃபுல் சிந்தடிக் ஊற்றுவது காசை எரிப்பதுதான். அதற்கு நல்ல செமி போதும். ஆனால் நீண்ட நாள் அப்படியே ஓட்டாதீர்கள். எரியும் ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் சைலன்சர் வழியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதன் விலை ரிங் வேலையைவிட அதிகமாகவே வந்து நிற்கலாம்.

சிந்தடிக்குக்கு மாறியதும் தரையில் சொட்டு

1970-களில் வந்த சிந்தடிக் ஆயில்களால் ரப்பர் சீல்கள் சுருங்கியது உண்மை. அதற்கான சேர்மானம் சேர்த்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இன்றைக்கு நடப்பது வேறு. நாட்பட்ட கசடு பழைய சீலின் விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் அதைக் கழுவிவிட, ஏற்கெனவே இருந்த ஓட்டை வெளியே தெரிகிறது. சீலை மாற்றுவதுதான் தீர்வு.

அதற்கும் முன்னால் எளிய காரணங்கள் இரண்டு. டிரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டிருக்கலாம். அல்லது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கியிருக்கலாம். இந்த இரண்டாவது ஆபத்தானது. நெடுஞ்சாலையில் அழுத்தம் ஏறும்போது மேல் வளையம் பிதுங்கி, சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் ரோட்டில் போய்விடும். ஃபில்டரைக் கழற்றியதும் கீழே வந்த ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இன்ஜின் முகத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள்.

சிவப்பு ஆயில் விளக்கு

ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். அடுத்த பங்க் வரை, வீடு வரை என்ற பேச்சே வேண்டாம். இந்த விளக்கு சொல்வது அளவை அல்ல, அழுத்தத்தை. அழுத்தம் இல்லாமல் பேரிங் சில நிமிடங்கள்கூடத் தாங்காது.

குச்சியில் ஆயில் இல்லையென்றால் கசிவைப் பார்த்து, நிரப்பி, விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தால் டோவ் செய்து கொண்டுபோங்கள். சென்சாரா பம்ப்பா என்பதை மெக்கானிக் கேஜ் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். சூடான பிறகு ஐடிலிங்கில் மட்டும் மினுக்கினால், பேரிங் தேய்ந்திருக்கலாம், ஆயில் மெலிந்திருக்கலாம். தடிமனான ஆயில் ஊற்றி விளக்கை அணைத்து வண்டியை விற்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கார் வாங்கும்போது, அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு இந்த விளக்கைக் கவனியுங்கள்.

டீசல் காரில் ஆயில் அளவு ஏறுகிறது

என் மனைவியின் தம்பி ஒருநாள் போன் செய்தான். "மாமா, குச்சியில மேல்கோட்டையும் தாண்டி நிக்குது. குறையாம இருக்கறது நல்லதுதானே?" போய்ப் பார்த்தேன். மேல்குறிக்கு ஒரு விரல் உயரம் மேலே இருந்தது. துளியைத் தேய்த்தால் வழவழப்பே இல்லை. டீசல் வாடை மூக்கைத் துளைத்தது. வீட்டிலிருந்து ஆபீஸ் நான்கு கிலோமீட்டர். அந்த வண்டி மாதக்கணக்கில் அதைத் தாண்டி ஓடவே இல்லை.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி) டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரி நிறைந்ததும் கூடுதலாக டீசல் பீய்ச்சி, வடிகட்டியை ஏறக்குறைய 600 டிகிரிக்குச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். இது முடிய வண்டி தொடர்ந்து ஓட வேண்டும். பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே சம்ப்பில் இறங்கும். ஆயில் நீர்த்து, அளவு ஏறும்.

அந்த ஆயிலை உடனே மாற்ற வேண்டும். ஃபுல் சிந்தடிக்காக இருந்தாலும் சரி. பிறகு வாரம் ஒருமுறையாவது இருபது, முப்பது நிமிடம் பைபாஸில் ஒரே சீராக ஓட்டுங்கள். ஆயில் வாங்கும்போது இங்கே செமியா ஃபுல்லா என்பதைவிடச் சாம்பல் அளவு முக்கியம். கரி எரிந்துபோகும், ஆயில் சேர்மானங்களின் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கி நிரந்தரமாக அடைக்கும். ஏசிஇஏ சி3 ஆயிலில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டாது. ஏ3/பி4 ஆயிலில் அதைவிட அதிகம். கையேடு சி வகை கேட்டால், எவ்வளவு உயர்ந்த ஃபுல் சிந்தடிக்காக இருந்தாலும் ஏ3/பி4 வேண்டாம்.

கறுத்துப்போச்சு

டீசலில் புது ஆயில் ஊற்றிய சில கிலோமீட்டரிலேயே கறுக்கும். கரியைத் தன்னுள் தாங்கி வைத்திருப்பது அதன் வேலை. பெட்ரோலிலும் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சிஎன்ஜி ஓட்டுபவர்களுக்கு இதே விஷயம் தலைகீழ். கேஸ் கரியில்லாமல் எரிவதால் ஆயில் தேன் நிறத்திலேயே இருக்கும். "இன்னும் புதுசா இருக்கு" என்று நாளைக் கடத்துவார்கள். ஆனால் எரியும் சூட்டில் ஆக்சிஜனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆயிலைத் தாக்கி, உள்ளுக்குள் கெட்டியாக்கிக்கொண்டிருக்கும். கிலோமீட்டர் பார்த்து மாற்றுங்கள்.

மைலேஜ், பிக்அப் குறைந்தது

2016-ல் என் பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கே இது நடந்தது. சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து வண்டி இழுக்கவில்லை. ஊருக்குப் போகும்போது லிட்டருக்கு 18 கொடுத்தது 17-ஐத் தாண்டவில்லை. பிளக், ஏர் ஃபில்டர், டயர் காற்று எல்லாம் பார்த்த பிறகுதான் பில்லை எடுத்துப் படித்தேன். 5டபிள்யூ-30 போக வேண்டிய இடத்தில் 20டபிள்யூ-50 போயிருந்தது. மாற்றினேன், சரியாயிற்று. மாற்றிப் போட்டதும் செமிதான். மைலேஜுக்காக ஃபுல் சிந்தடிக் வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் பில்லிலுள்ள தடிமன் எண்ணைப் படித்துவிடுங்கள்.

மூடியின் அடியில் பாலாடை

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் காபி கலந்த பாலாடை போல ஒட்டியிருக்கிறதா? ஊட்டி, கொடைக்கானலில் சின்னச் சின்னத் தூரம் ஓடும் வண்டிகளில், குளிரில் படியும் ஈரம் அப்படித் தெரியும். நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினால் போய்விடும். குச்சியிலும் அதே நிறம் இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், சிலிண்டர்களுக்கு மேலே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் பழுது. ஆயில் மாற்றி மறைக்க முடியாது.

2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களுக்கு இதைவிடப் பெரிய சேதம் வந்தது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பேட்டரியைக் கழற்றி, டோவ் செய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிலிண்டரில் தண்ணீர் இல்லை என்று உறுதியான பிறகே சாவியைத் தொடுங்கள். கழுவி எடுக்க ஓரிரு முறை ஊற்றி வடிக்கும் ஆயில், சரியான தடிமனில் மலிவானதாக இருந்தால் போதும்.

டர்போ பெட்ரோலில் குறைந்த வேகத்தில் அடி

உயர்ந்த கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தும்போது உள்ளே சுத்தியால் தட்டியது போல ஓர் அடி விழுந்தால் கவனியுங்கள். ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி, பிளக் பொறி விடும் முன்பே பற்றிக்கொள்வதால் வரலாம், பிஸ்டனையே உடைக்கக்கூடியது. ஆயிலில் கால்சியம் சேர்மானம் அதிகமானால் இது கூடும். அதற்காகவே 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸும், 2020-ல் எஸ்பியும் வந்தன. டர்போ பெட்ரோலுக்கு எஸ்பியும் அதற்கு மேலும் உள்ள தரத்தில், ஃபுல் சிந்தடிக்தான். டர்போவின் தண்டு இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டில் சுழல்கிறது; ஓட்டி வந்து அணைத்ததும் அங்கே தங்கும் ஆயில் வெந்து கரியாகும். செமியில் மிச்சப்படுத்த வேண்டிய இடம் இது இல்லை. கியரையும் ஒன்று குறைத்து ஓட்டுங்கள்.

எந்தக் கோளாறும் இல்லை, எதை வாங்குவது?

டர்போ இல்லாத பெட்ரோல், கையேடு 5டபிள்யூ-30 அல்லது அதற்கு மேல் அனுமதிக்கிறது, 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டுக்குள் தவறாமல் மாற்றுகிறீர்கள் என்றால், சரியான தரக் குறியீடுள்ள செமி போதும். டாக்ஸியாக நாள் முழுக்க ஓடுவது, பம்பர்-டு-பம்பர் டிராஃபிக், மலைப்பாதை, டர்போ, பிஎஸ்6 டீசல் என்றால் ஃபுல். கையேடு 0டபிள்யூ-20 கேட்டால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் சிந்தடிக்காகவே இருக்கும். விலை வித்தியாசம் 1,200 ரூபாய் என்றால், 10,000 கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு 12 பைசா. அந்தக் கணக்கைப் போட்டு முடிவெடுங்கள். ஃபுல் சிந்தடிக் போட்டதால் 20,000 வரை ஓட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கையேடு சொன்ன இடைவெளி மாறாது.

அவசரத்துக்கு இரண்டையும் கலக்கலாமா? கலக்கலாம், ஏபிஐ தரம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படிதான் தயாராகின்றன. ஒரே தடிமனாக இருந்தால் நல்லது.

ஆயிலை உங்கள் கண்முன் சீல் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். காலி கேனை விட்டுவிட்டு வராதீர்கள். அதில் போலி ஆயில் நிரம்பி இன்னொருவர் இன்ஜினுக்குப் போகும். ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். பழைய ஆயிலை வீட்டில் வடித்தால் சாக்கடையில் கொட்டாமல், மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்கள். பில்லில் தடிமன், தரக் குறியீடு, ஓடோமீட்டர் எண் மூன்றும் இருக்கட்டும். 500 கிலோமீட்டர் ஓட்டியதும் ஒரு காலைப் பொழுதில் மறுபடி குச்சியை உருவிப் பாருங்கள்.